பீதி நோய்க்கு இரத்தத்தில் அடையாளம் தேடுவதென்றால், எந்த அணுவை எடுப்பது?

பேனிக் அட்டாக் (திடீரெனப் பெரும் பயம் தாக்குவது; அது திரும்பத் திரும்ப வந்தால் பீதி நோய்) பற்றி ஆய்வு செய்யப் போகிறேன், இரத்தத்தில் ஏதாவது அடையாளம் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லும் மேற்படிப்பு மாணவர்கள், பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே ஒரு கருவியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த அணுவை எடுப்பது, அதில் எதை அளப்பது? தட்டணுவா, எடுத்த கையோடு பிரிக்கும் வெள்ளை அணுவா, ஆய்வகத்தில் வளர்த்த அணுவா, முழு இரத்தத்தின் ஆர்.என்.ஏ.வா (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்), அல்லது டி.என்.ஏ. மீது ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளா? இதில் பழைய வழிகளுக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. ஆறு மாதத்தை ஓர் அணுவில் செலவழித்துவிட்டு அதைப் படிப்பதைவிட முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

இந்தத் தேடல் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மான்ட்ரியால் நகர இதய மருத்துவமனையில், நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு வந்த 441 பேரை முறைப்படி நேர்காணல் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 1996-இல் வெளியானது. நான்கில் ஒருவருக்குப் பீதி நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய யாரையும் அங்கிருந்த மருத்துவர்கள் அப்படி அடையாளம் காணவில்லை. நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, இதோ சாகப்போகிறோம் என்று நினைத்து ஓடிவந்தவரிடம் ஈ.சி.ஜி.யைக் காட்டி "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர் அடுத்த மாதம் இன்னொரு மருத்துவமனைக்குப் போகிறார். அப்புறம் பேருந்தில் ஏறப் பயம், தனியாக வெளியே போகப் பயம் என்று வாழ்க்கை சுருங்குகிறது. இதயத்தைச் சோதிக்க எடுத்த அதே இரத்தத்திலேயே "வந்தது இது, இதற்குச் சிகிச்சை இருக்கிறது" என்று சொல்ல முடிந்தால் அது பெரிய விஷயம்.

உடலில் ஒரு தடயம் இருக்கும் என்று நம்பக் காரணமும் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்டு க்ளைன், மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மருந்து பேனிக் அட்டாக்கைத் தடுப்பதைக் கவனித்தார். 1967-இல் பிட்ஸும் மெக்ளூரும் சோடியம் லாக்டேட்டை நரம்பு வழியாகச் செலுத்தி, இந்த நோய் உள்ளவர்களிடம் ஆய்வகத்திலேயே அட்டாக்கைத் தூண்டிக் காட்டினார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அப்படி வருவது அரிது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பொதுவான பதற்றத்திலிருந்து இதைப் பிரித்துத் தனி நோயாக எழுதியது. மருந்தால் அடங்குகிறது, வேதிப்பொருளால் கிளம்புகிறது, ஆகவே எங்கோ ஒரு மூலக்கூறு வேறுபட்டிருக்க வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து துண்டு எடுக்க முடியாது. கையிலிருந்து இரத்தம் எடுக்கலாம்.

முதலில் தட்டணு. பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்வதுதான். அதற்குக் கரு கிடையாது, எட்டுப் பத்து நாள்தான் ஆயுள். இருந்தும் இத்தனை ஆய்வாளர்களை அது இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இரத்தத்திலும் உண்டு, அது கிட்டத்தட்ட முழுவதும் தட்டணுவுக்குள்தான். தட்டணு அதைத் தானே செய்வதில்லை. குடலில் உருவாவதை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. உறிஞ்சும் கடத்திப் புரதமும் மூளை நரம்பணுக்களில் இருக்கும் கடத்தியும் ஒரே மரபணுவிலிருந்து வருபவை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் பூட்டுவது இந்தக் கடத்தியைத்தான். கதிரியக்கக் குறியிட்ட இமிப்ரமினைத் தட்டணுவோடு கலந்து எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்து, மனச்சோர்வு உள்ளவர்களிடம் அது குறைவு என்று 1980-இல் பாரிஸ் குழு ஒன்று எழுதியதும் இந்தத் துறை சூடுபிடித்தது. பீதி நோயிலும் அதையே செய்து பார்த்தார்கள். சில ஆய்வகங்களில் குறைவாக வந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. பின்னாளில் இத்தாலியின் பீசா நகரக் குழு, இமிப்ரமினைவிடக் குறிதவறாமல் ஒட்டும் பராக்ஸெட்டின் என்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தை வைத்து, மருந்து எடுக்காத பீதி நோயாளிகளிடம் கடத்தி குறைவு என்று சொன்னது. ஆனால் அதே பீசா குழு எண்ணச் சுழற்சி நோயிலும், அதாவது ஓ.சி.டி.யிலும், இப்படிக் குறைவதை எழுதியிருக்கிறது. ஆக, குறைந்தால்கூட அது பீதி நோய்க்கே உரியது அல்ல.

தட்டணுவின் உண்மையான பலவீனம் அதுகூட இல்லை. மூளையில் செரட்டோனின் செய்யும் நொதியும் குடலில் செய்யும் நொதியும் வேறு வேறு மரபணுக்களிலிருந்து வருபவை என்பது 2003-இல் தெளிவானது. தட்டணுவில் எவ்வளவு செரட்டோனின் இருக்கிறது என்பது குடலின் கதை. கடத்தி மட்டும் பொது. அதுவும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகத்தான் கூடிக் குறைகிறது. இதோடு மருந்துச் சிக்கலும் உண்டு. எஸ்.எஸ்.ஆர்.ஐ. சில வாரம் எடுத்தாலே தட்டணுவின் செரட்டோனின் பெரும்பகுதி காலியாகிவிடும். மனநல மருத்துவரிடம் வரும் முன்பே குடும்ப டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்திருப்பார். மருந்தே தொடாத நோயாளி முப்பது பேரைச் சேர்ப்பதற்குள் மாணவரின் பதிவுக்காலம் முடிந்துவிடும்.

கையாள்வதும் லேசல்ல. சிட்ரேட் ட்யூபில் எடுத்து, அறை வெப்பநிலையிலேயே வைத்து, மெதுவாகச் சுழற்றி மேலே மஞ்சளாக நிற்கும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் தட்டணு உருமாறிவிடும். ட்யூபைக் குலுக்கினால், ஊசி சரியாக ஏறாமல் இரத்தம் இழுபட்டு வந்தால், உள்ளே வைத்திருப்பதை வெளியே கொட்டிவிடும். மாதிரியை மதியம் கூரியரில் அனுப்பும் திட்டத்துக்கு இந்த அணு ஒத்துவராது.

அடுத்தது உயிருள்ள வெள்ளை அணுக்கள், குறிப்பாக லிம்போசைட்டுகள். இவற்றின் மேல் அட்ரினலினை ஏற்கும் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன. பேனிக் என்றாலே அட்ரினலின் நினைவுக்கு வருவதால் 1980-களில் பலர் இந்த ஏற்பிகளை எண்ணினார்கள். நோயாளிகளிடம் ஏற்பி குறைவு என்றும், அடிக்கடி அட்ரினலின் பாய்வதால் அணு தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றும் விளக்கம் வந்தது. கேட்க அழகான விளக்கம்தான். என் கணிப்பில் இந்த ஐந்து வழிகளில் மிக ஆபத்தானது இதுதான், காரணம் ஊசி.

பீதி நோய் உள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ரப்பர் பட்டை கட்டி, ஊசியைப் பார்க்கிறார். அட்ரினலின் ஏறுகிறது. சில நிமிடங்களுக்குள், இரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒதுங்கியிருந்த என்.கே. அணுக்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) திரளாக ஓட்டத்தில் கலக்கின்றன. லிம்போசைட் வகைகளிலேயே பீட்டா ஏற்பி அதிகம் உள்ளவை இந்த என்.கே. அணுக்கள்தான், உதவி டி அணுக்களில் மிகக் குறைவு. லிம்போசைட்டுகளை மொத்தமாகப் பிரித்து ஓர் அணுவுக்கு எத்தனை ஏற்பி என்று கணக்கிட்டால், நாம் அளப்பது ஏற்பி மாற்றத்தையா, அந்த நிமிடத்தில் ட்யூபுக்குள் யார் வந்தார்கள் என்பதையா? ஒப்பீட்டுக் குழுவில் இருக்கும் மருத்துவ மாணவர் ஊசியைப் பார்த்துப் பதறுவதில்லை. வித்தியாசம் வரத்தான் செய்யும், ஆனால் அது நோயின் வித்தியாசமா என்று சொல்ல முடியாது. கேனுலா (நரம்பில் விட்டுவைக்கும் சிறு குழாய்) போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்க வைத்து அதன்பின் இரத்தம் எடுப்பதும், ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அணு வகைகளைப் பிரித்து அளப்பதும் இல்லாமல் இந்த வழியில் இறங்கவே வேண்டாம்.

வெள்ளை அணு, தட்டணு இரண்டிலும் இருக்கும் இன்னொரு பொருள் என்னைக் கொஞ்சம் ஈர்க்கிறது. முன்பு புற பென்ஸோடயசெபின் ஏற்பி என்று அழைத்தார்கள், 2006-லிருந்து டி.எஸ்.பி.ஓ. என்று பெயர். டயசெபம் போன்ற மருந்துகள் மூளையில் ஒட்டும் இடம் இது இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் வேறொரு புரதம். மூளையை அமைதிப்படுத்தும் நரம்பு ஸ்டீராய்டுகள் உருவாவதோடு இது தொடர்புபடுத்தப்படுகிறது. எப்படி என்பதில் எலி ஆய்வுகளுக்குப் பிறகு சர்ச்சை உண்டு. பதற்ற நோய்களில் தட்டணுவின் டி.எஸ்.பி.ஓ. குறைவதாகப் பழைய அளவீடுகள் இருக்கின்றன. 2009-இல் ரூப்ரெக்ட் தலைமையிலான ஜெர்மன் குழு, இதில் ஒட்டும் ஒரு மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து, சி.சி.கே.-4 ஊசியால் தூண்டப்படும் பேனிக் தணிவதைக் காட்டியது. அளக்கும் பொருளுக்கும் நோய்க்கும் இடையே மருந்து வழியாக ஒரு பாலம் இருப்பது இந்தத் துறையில் அபூர்வம். ஆனால் இதிலும் பொறி உண்டு. இந்தப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. புதிய தலைமுறை ஒட்டுபொருள்கள் சிலரிடம் இறுகவும் சிலரிடம் தளர்வாகவும் ஒட்டுவதற்கு அதுவே காரணம். அந்த மரபணு மாற்றத்தைப் பார்க்காமல் அளந்தால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

இனி ஆய்வகத்தில் வளர்த்த அணு வரிசைகள். 2007-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிலிபர்ட் குழு, பீதி நோய் உள்ள 16 பேர், இல்லாத 17 பேர் ஆகியோரின் லிம்போபிளாஸ்ட் அணுக்களில் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, ஒப்பிட்டது. ஏராளமான மரபணுக்களில் வித்தியாசம் தெரிந்தது, இரத்தப் பரிசோதனை வரப்போகிறது என்று செய்தியும் பரவியது. இந்த அணுக்கள் எப்படி வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். இரத்தத்திலிருந்து பி அணுக்களை எடுத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தொற்றவைத்து, சாகாமல் பெருகும்படி செய்வார்கள். பல வாரம் தட்டில் வளர்ந்த அணுவில் நோயாளி அன்று சாப்பிட்ட மாத்திரை இல்லை, ஊசி பயம் இல்லை, காலையா மாலையா என்ற பேதம் இல்லை. இதுதான் அதன் பெருமை. ஆனால் அட்டாக்கின் தடயமும் அதோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பிறவி மரபு மட்டும். அதன் மேல் வைரஸின் கைவரிசை, எத்தனை முறை உறைய வைத்து எடுத்தோம் என்பதன் விளைவு. முப்பத்துமூன்று பேரில் பல்லாயிரம் மரபணுக்களைச் சோதித்தால் தற்செயலாகவே நிறைய வித்தியாசம் தெரியும். அந்த ஆய்வு ஒரு நல்ல தொடக்கம், நோயைக் கண்டறியும் கருவி அல்ல.

பிறவி மரபுதான் கேள்வி என்றால் அதற்கும் ஒரு பதில் வந்திருக்கிறது. பீதி நோய் உள்ள 2,248 பேர், இல்லாத 7,992 பேர் என்ற அளவில் ஐரோப்பியக் குழுக்கள் சேர்ந்து மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது, தனியாக நின்று தேறிய இடம் ஒன்றுகூட இல்லை. மனச்சோர்வோடும் பதற்ற சுபாவத்தோடும் மரபு பங்கிடப்படுவது மட்டும் தெரிந்தது.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக மாட்டேன், ஏனென்றால் இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்திருக்க வேண்டும். 2001-இல் பார்சிலோனா குழு ஒன்று 'செல்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. 15-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டிப்பாக இருப்பதாகவும், பீதி நோயும் மூட்டுத் தளர்ச்சியும் சேர்ந்து வரும் குடும்பங்களில் அது மிகப் பரவலாக இருப்பதாகவும், பொதுமக்களில் சுமார் 7 சதவீதம் பேரிடமே காணப்படுவதாகவும் எழுதினார்கள். ஒளிரும் குறியை ஒட்டி, நுண்ணோக்கியில் குரோமோசோமைப் பார்த்து எண்ணும் முறை. வேறு நாடுகளின் ஆய்வகங்கள் அதைத் தேடின. அவர்களுக்கு நோயாளிகளிடமும் கிடைக்கவில்லை, மற்றவர்களிடமும் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய இதழில், இவ்வளவு தெளிவான எண்களோடு வந்தது காணாமல் போனது. யாருடையது என்று மறைத்துவைத்த மாதிரிகளை இரண்டாவது ஆய்வகம் தானாக அளந்து ஒத்துப்போகும்வரை எந்த அடையாளத்தையும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முழு இரத்த ஆர்.என்.ஏ. பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எடுப்பது சுலபம், ஆர்.என்.ஏ.வை அப்படியே நிறுத்திவைக்கும் தனி ட்யூப் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஹீமோகுளோபினுக்கானது. அதை நீக்கினாலும் மிச்சத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் ஆதிக்கம். நேற்று சளி பிடித்தது, இன்று தூங்கவில்லை, கார்டிசோல் கூடியிருக்கிறது என்று எல்லாமே அதில் தெரியும். பீதி நோய் தனியாகத் தெரியாது.

கடைசி வழி மெத்திலேற்றம். டி.என்.ஏ. எழுத்துகள் மாறாமல், சி என்ற எழுத்தின் மேல் ஒரு சிறு மெத்தில் குறி ஏறுவதும் இறங்குவதும். பைசல்ஃபைட் வேதிப்பொருளில் டி.என்.ஏ.வை ஊறவைத்தால் குறி இல்லாத சி மாறிவிடும், குறி உள்ளது அப்படியே நிற்கும். அதை வைத்து எண்ணிவிடலாம். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் குழு, செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. மரபணுவில் இதைப் பார்த்தது. பீதி நோய் உள்ள பெண்களிடம் மெத்தில் குறி குறைவு. 2016-இல் அவர்கள் வெளியிட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில வார அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குப் பிறகு, பலன் கண்டவர்களிடம் அந்தக் குறி ஆரோக்கியமானவர்களின் அளவுக்கு ஏறியது. பலன் காணாதவர்களிடம் ஏறவில்லை. மாத்திரை இல்லை, பேச்சும் பயிற்சியும்தான், இரத்த அணுவின் டி.என்.ஏ.வில் அசைவு தெரிகிறது. ஆய்வில் இருந்தவர்கள் சிலரே, அதனால் இதை முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரையே முன்னும் பின்னும் அளந்த அந்த அமைப்புதான் சரியான அமைப்பு.

குறைகளும் இருக்கின்றன. எம்.ஏ.ஓ.ஏ. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆணையும் பெண்ணையும் ஒரே குழுவாகக் கூட்ட முடியாது. இரத்தத்தில் அணு வகைகளின் விகிதம் மாறினாலே மெத்தில் எண்ணும் மாறும். 2012-க்குப் பின் வந்த கணக்கீட்டு முறைகள் அதை ஓரளவு திருத்துகின்றன. அப்புறம் சிகரெட். புகைப்பவரின் இரத்தத்தில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் மெத்தில் குறி குறைந்து விழும் பள்ளம் மிகப் பெரியது, யார் புகைக்கிறார் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அயோவாவின் அதே பிலிபர்ட் பிற்பாடு அதிகம் உழைத்தது இதில்தான். பீதி நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம். அதைக் கணக்கில் எடுக்காமல் வரும் எந்த மெத்தில் முடிவும் சிகரெட்டின் முடிவாக இருக்கலாம்.

நடைமுறையில் இதன் பெரிய வசதி டி.என்.ஏ.வின் உறுதி. சாதாரண ஊதா மூடி ட்யூப் போதும், ஃபிரிட்ஜில் ஓரிரு நாள் இருந்தாலும் கெடாது. ஊசியைப் பார்த்துப் பதறினாலும் ஒவ்வோர் அணுவிலும் இருக்கும் குறி சில நிமிடத்தில் மாறிவிடாது. மருந்து எடுப்பவர்களையும், எடுத்த மருந்தை எழுதிவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

தேர்வுக்கு முன் ஒரு கணக்கு. ஏதோ ஓர் அடையாளம் கிடைத்து, அது 80 சதவீத நோயாளிகளைப் பிடிக்கிறது, 80 சதவீத ஆரோக்கியமானவர்களைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவே இன்று எட்டாத கனவு. பொதுமக்களில் 100-இல் 2 பேருக்கு நோய் என்றால், 1,000 பேரைச் சோதித்தால் 16 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 196 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். அதே சோதனையை மான்ட்ரியால் மாதிரியான நெஞ்சுவலிப் பிரிவில், நான்கில் ஒருவருக்கு நோய் இருக்கும் இடத்தில் வைத்தால், 200 பேர் சரி, 150 பேர் தவறு. பொதுமக்களுக்கான ஸ்கிரீனிங் என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். அதே நெஞ்சுவலிப் பிரிவில் சில நேரடிக் கேள்விகள் கேட்டாலே பலரைப் பிடித்துவிடலாம், செலவும் இல்லை. 2016, 2017-இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் கூட்டறிக்கையும், பதற்ற நோய்களில் எந்த உயிரியல் அடையாளமும் நோயைக் கண்டறியப் போதுமான அளவு தேறவில்லை என்றே சொன்னது.

நோயாளிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னால் பாருங்கள். பேனிக் போலவே தோன்றும் வேறு நோய்களை விலக்க அவை உதவும். பீதி நோயையே கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பணம் கட்ட வேண்டாம்.

ஆகவே, நோய் இருக்கிறதா இல்லையா என்று பிரிக்கும் அடையாளத்தைத் தேடும் ஆய்வை நான் செய்ய மாட்டேன். யாருக்கு எந்தச் சிகிச்சை பலிக்கிறது, பலிக்கும்போது உடலில் எது நகர்கிறது என்பதைக் கேட்பேன். மருத்துவருக்கு உண்மையில் தெரியாதது அதுதான். அந்தக் கேள்விக்கு என் தேர்வு மெத்திலேற்றம். எட்டரை லட்சம் இடங்களைப் பார்க்கும் சிப்பை வாங்கி முப்பது பேரில் போடுவதைவிட, எம்.ஏ.ஓ.ஏ. போன்ற முன்கூட்டியே அறிவித்த ஓரிரு இடங்களை, பெண்களில் மட்டும், சிகிச்சைக்கு முன், நடுவில், பின் என்று மூன்று முறை அளப்பேன். காந்த மணிகளால் மோனோசைட்டுகளைத் தனியே பிரித்து அவற்றிலும் அளப்பேன், அணு விகிதச் சந்தேகம் அதோடு தீரும். ஏ.எச்.ஆர்.ஆர். கட்டாயம் கூடவே. "புகைப்பதில்லை" என்று படிவத்தில் எழுதுபவர்கள் எல்லோரும் புகைக்காதவர்கள் அல்ல. ஒப்பீட்டுக்கு, சிகிச்சைக்காகக் காத்திருக்கும் பட்டியலில் உள்ளவர்களையும் அதே இடைவெளியில் அளக்க வேண்டும். காலம் போனாலே குறி மாறுகிறதா என்று தெரியாவிட்டால் சிகிச்சையின் பங்கைச் சொல்லவே முடியாது.

டி.எஸ்.பி.ஓ.வை இரண்டாவதாக வைப்பேன், மரபணு வகையையும் சேர்த்துப் பார்க்க வசதியுள்ள ஆய்வகத்தில் மட்டும். தட்டணுவின் செரட்டோனின் கடத்தியை, மருந்தே தொடாதவர்கள் நேரடியாக வரும் மருத்துவமனையும் அதே கட்டடத்தில் ஆய்வகமும் இருந்தால் எடுக்கலாம், எஸ்.எஸ்.ஆர்.ஐ. தொடங்கும் முன் அளந்து, யாருக்கு அது பலிக்கிறது என்று பார்க்கும் கேள்விக்கு அது இன்னும் பொருத்தமான அணுதான். இரண்டில் ஒன்று இல்லை என்றால் விட்டுவிடுங்கள். லிம்போசைட் பீட்டா ஏற்பியை இன்றைக்குப் புதிதாகத் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.